தாளம் தப்பும் இதயமும் வழி மாறிய சிரைகளும்
(கோல் மார்க்கெட் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஹார்ட் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்றார் காரியதரிசி. கொலஸ்ட்ரால், நெய், நடைப்பயிற்சி எல்லாம் நீங்கள் அலுக்க அலுக்கக் கேட்டாயிற்று. அதனால் இன்று அடைப்பை விட்டுவிட்டு, தாளம் தப்பும் இதயத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

இதயத்தின் மேல் அறையில் பிறக்கும் மின் துடிப்பு, நடுவில் ஏ.வி. நோட் என்ற வாசல் வழியாகத்தான் கீழ் அறைகளுக்குப் போக வேண்டும். 1906-ல் இந்த வாசலை விவரித்தவர் சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர். சிலருக்கு அந்த வாசலை ஒட்டி இன்னொரு பாதையும் இருக்கும். மின்சாரம் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறிச் சுற்ற ஆரம்பித்தால், 70 என்றிருந்த துடிப்பு நொடியில் 180 ஆகிவிடும். பிறகு சட்டென்று நின்றும் விடும். டாக்டரிடம் போய்ச் சேரும்போது ஈ.சி.ஜி. சுத்தமாக இருக்கும். "கேஸ்", "நெர்வஸ்", பெண்களானால் "வயசுக் கோளாறு" என்று வருஷக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். இதில் எனக்குக் கோபமே உண்டு. படபடப்பு இருக்கும்போதே ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். இந்தப் பேட்டைக்காரர்களுக்கு ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது.

மாத்திரையால் அடக்கலாம். அடியோடு தீர்க்க அப்லேஷன். 1981-ல் சான் பிரான்சிஸ்கோவில் மெல்வின் ஷெய்ன்மேன், கதீட்டர் வழியாக மின் அதிர்ச்சி கொடுத்து இதைச் செய்தார். பின்னால் ரேடியோ அலைச் சூடு வந்தது. தொடை இடுக்கில் உள்ள சிரையில் ஊசி போட்டு, மெல்லிய கதீட்டரை வயிற்றின் பெருஞ்சிரை வழியாக மேலே இதயத்துக்குள் கொண்டுபோய், கோளாறான இடத்தைப் பொசுக்குவார்கள். நான் சொன்ன வகையில் 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறது.

ஆனால் அந்தப் பெருஞ்சிரையே நடுவில் இல்லாவிட்டால்?

நான் பார்த்த ஒரு மாமிக்கு அப்படித்தான். வேறோர் ஊரில் கதீட்டரைச் செலுத்தியபோது அது இதயத்துக்குள் நுழையாமல் முதுகெலும்பை ஒட்டி மேலேயே போய்க்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு, "உங்களுக்கு இது முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். சி.டி. எடுத்துப் பார்த்தால், கல்லீரலுக்குக் கீழே பெருஞ்சிரை துண்டுபட்டிருந்தது. கால்களிலிருந்து வரும் இரத்தம் அஸைகஸ் என்ற பக்கச் சிரை வழியாக மார்புக்கு ஏறி, மேலிருந்து இதயத்தில் இறங்கியது. பிறவி அமைப்பு, அதனால் அவருக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. ராமகிருஷ்ண ஆசிரமம் மெட்ரோவில் இறங்கி இங்கே வருகிறவர், நேர் வழி அடைபட்டிருந்தால் திரும்பியா போய்விடுவார்? கழுத்துச் சிரை வழியாக மேலிருந்து இறங்கி அப்லேஷன் செய்தார்கள். மாமி குணமானார். இடது மேல் அறைக்குள் போக வேண்டிய நோய்களில் இது இவ்வளவு சுலபமில்லை. நடுச்சுவரைத் துளைக்கும் கருவிகள் கீழிருந்து வருவதற்கென்றே வளைக்கப்பட்டவை.

இன்னொரு விசித்திரம் இதைவிட சகஜம். கருவில் மார்பின் இருபுறமும் ஒரு பெருஞ்சிரை உண்டு. இடதுபுறத்தது பொதுவாகச் சுருங்கி மறையும். 1000 பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு அது மறையாமல், கரோனரி சைனஸ் என்ற இதயச் சிரையில் போய்ச் சேருகிறது. அந்தச் சிரை வீங்கிப் பெரிதாகும். ஏ.வி. நோட்டின் இருப்பிடத்தை அந்தச் சிரையின் வாயை வைத்துத்தான் கணிக்கிறோம். அடையாளக் கல்லே நகர்ந்துவிட்டால், பொசுக்கும்போது நோட்டே பழுதாகி பேஸ்மேக்கர் வைக்க நேரலாம். முன்கூட்டியே எக்கோவில் சந்தேகம் வந்தால், இடது கையில் குலுக்கிய உப்புநீரைச் செலுத்திப் பார்ப்பார்கள். குமிழிகள் முதலில் கரோனரி சைனஸில் தெரிந்தால் விஷயம் உறுதி.

ஆகவே, "உங்கள் சிரை அமைப்பு வேறு மாதிரி" என்று எப்போதாவது சொல்லியிருந்தால் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பேஸ்மேக்கர் வயரைப் பெரும்பாலும் இடது பக்கமாகத்தான் நுழைப்பார்கள். அதைவிட முக்கியமானது, உணவுக்குழாய் ஆபரேஷனில் அஸைகஸைக் கட்டி அறுப்பது சாதாரணம். அந்த மாமி போன்றவருக்கு அப்படிச் செய்தால் உடம்பின் கீழ்ப்பாதி இரத்தம் திரும்பும் வழியே அடைபட்டு உயிருக்கு ஆபத்து. நகல் ஒன்றை ஆதார் கார்டோடு வையுங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் அவர்களிடமும் ஒன்று இருக்கட்டும்.