மறுமொழி கேளாத குரல்

தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து புத்தளத்துக் கடல் கொந்தளிக்கும் காலத்தில், உடப்புக் கரைவலைத் தொழிலாளர் பலர் முல்லைத்தீவு முதலிய கிழக்குக் கரைகளுக்குப் பெயர்ந்து செல்வது நெடுநாளைய வழக்கம். வீட்டிலிருப்போருக்கு அக்காலத்திலே தொலைபேசி மணி வெறும் ஓசையன்று; கடலுக்குப் போனவர் கரையேறினார் என்னும் செய்தி. அடுப்பிலே சோறு கொதிக்க, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து எடுக்கும் தாயிடம், பதிவு செய்யப்பட்ட குரலொன்று, அதுவும் அவருக்குப் பழக்கமில்லா மொழியில், கடன் தருவதாகவோ பரிசு விழுந்ததாகவோ ஓதுமாயின் அவர் மனம் என்ன பாடுபடும்? வாயிலில் வந்து நிற்கும் வியாபாரியிடம் "வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிடலாம். இயந்திரத்துக்கோ செவி கிடையாது.

இத்தகைய அழைப்புகளுக்கு அமெரிக்கா 1991ஆம் ஆண்டிலேயே கடிவாளமிட்டது. அவசர வேளை தவிர, கையடக்கத் தொலைபேசிக்குத் தானியங்கிப் பொறியாலோ பதிவுக்குரலாலோ அழைப்பதாயின் உரியவரின் சம்மதம் வேண்டுமென அந்நாட்டுச் சட்டம் விதித்தது. 2011இல், "தகவல் அழைப்பு" என்ற பெயரால் அவ்விதியைத் தளர்த்த ஒரு மசோதா கொணரப்பட்டது. வங்கிகளும் கடன் வசூலிப்போரும் அதனை ஆதரித்தனர். பாவனையாளர் சங்கங்களும் மாநிலச் சட்டமா அதிபர்களும் எதிர்த்தனர். தகவல் என்பது நல்ல சொல்தான்; கடனைக் கட்டு என்று நாள்தோறும் நச்சரிப்பதும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடும் என்பதே அவர்தம் அச்சம். ஆண்டு முடிவதற்குள் மசோதா கைவிடப்பட்டது. எனினும் 2021இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், தானியங்கிப் பொறி என்ற சொல்லின் பொருளையே குறுக்கிவிட்டது. ஒரு வாயிலை அடைத்தால் மற்றொன்று திறக்கிறது.

இந்தியாவில் 2007இல் தொடங்கிய பதிவேட்டு முறையில், அழைப்பு வேண்டாதவரே முன்வந்து பெயரைப் பதியவேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு எதிர்த்திசையிலே செல்கிறது: முதலில் சம்மதம், பின்னரே விளம்பரம், விலக விரும்புவோருக்குக் கட்டணமில்லாத வழியும் காட்டவேண்டும். ஆயினும் சட்டத்தின் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரவேண்டிய நாள் 2025 மார்ச்சில் பின்தள்ளப்பட்டது. ஏட்டிலுள்ள சுரைக்காய் அப்போதும் அடுப்பேறவில்லை.

சிறு வணிகருக்கு இது மலிவான வழியென்று வாதிப்போர் உளர். அந்த மலிவே தீமையின் வேர். மனிதன் அழைத்தால் மாலைக்குள் தொண்டை வறளும், பொறிக்குக் களைப்பில்லை.

அடிக்கடி ஏமாந்தவர் அறியாத இலக்கம் கண்டால் எடுப்பதை நிறுத்திவிடுகின்றனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் புத்தளம் மாவட்டத்தையும் சூழ்ந்தது. அத்தகைய இரவில் கிராம அலுவலரின் எச்சரிக்கையும் அறியாத இலக்கத்திலிருந்தே வரக்கூடும். முல்லைத்தீவிலே தன் தொலைபேசி கடல்நீரில் நனைந்துபோக, வாடியிலுள்ள வேறொருவரின் தொலைபேசியை இரவல் வாங்கி வீட்டுக்கு அழைக்கும் மகனின் அழைப்பும் அப்படியே வரும்.