ஆராய்ச்சி மாணவர் வட்டம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பட்ட மேற்படிப்பினரையும் ஆராய்ச்சியாளரையும் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வேயில் எழுத்தராகக் காலம் கழிப்பவர் நாம். ஆயினும் மாணவர் வட்டத்தின் பதிவேடு நம் கையில் இருக்கிறது.

கரக்பூரில் தமிழர் இரு கூறாக வாழ்கின்றனர். இரயில்வேயை நம்பி வந்த குடும்பங்கள் ஒரு புறம். 1951இல் ஹிஜ்லி சிறைமுகாமின் கட்டடத்தில் 224 மாணவரோடு தொடங்கிய தொழில்நுட்பக் கழகத்திற்குப் படிக்க வருவோர் மறுபுறம். இடையே உள்ள தொலைவு சில கிலோமீட்டர்தான். அதைக் கடக்கவே நம் சங்கம் வட்டத்தை அமைத்தது. பதிவேட்டில் அறுபது பெயர்கள் உள்ளன. சென்ற ஆண்டின் தொடக்கத்தில் கூட்டத்திற்கு வந்தவர் மூவர். அவருள் ஒருவர் நாம்.

நம் ஊர் நடைமேடை 1072 மீட்டர் நீளமுடையது. உலகிலேயே நீளமானது என்று நெடுங்காலம் பெருமை பேசினோம். 2013இல் கோரக்பூரும் 2023இல் ஹூப்ளியும் அப்பெருமையைக் கொண்டு சென்றன. பதிவேட்டின் நீளத்தைப் பேசும்போதெல்லாம் நமக்கு அந்த நினைவு வருகிறது!

கூட்டத்தில் விருந்து வைத்தால் வருவர் என்றனர். வைத்தோம், வந்தனர், உண்டனர், சென்றனர். மாதந்தோறும் கைப்பேசியில் அழைப்பு அனுப்பினோம். பயனில்லை.

அந்நாளில் ஒரு மாலை, நம் முன்பதிவுக் கவுண்ட்டருக்கு ஒரு மாணவர் வந்தார். கைப்பேசியில் இடம் கிடைக்கவில்லையாம். சென்னைக்கு ஒரு டிக்கெட் கேட்டார். பொங்கலுக்குப் பொங்கல் நாற்காலி அடுக்கித் தந்த பிள்ளை அவர். “தம்பி, திரும்பி வர எந்தத் தேதிக்குப் போடட்டும்?” என்றோம். “வேண்டாம் சார்” என்றார். அப்போதுதான், இரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, “எதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறீர்கள்?” என்று கேட்டோம். நெல் உலர்த்துவது பற்றி என்றார். மிகுந்த வெப்பத்தில் விரைந்து உலர்த்தினால் மணிக்குள் நுண்ணிய வெடிப்பு விழுந்து, ஆலையில் அரிசி நொய்யாகிவிடும் என்று முகம் மலர விளக்கினார். வரிசையில் நின்றோர் கூச்சலிட்டனர். “இதையெல்லாம் தமிழில் யாரிடமும் சொன்னதில்லை சார்” என்று சொல்லி டிக்கெட்டை வாங்கிக்கொண்டார். அவர் திரும்பவில்லை. அவர் சென்றதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவரை நாற்காலி அடுக்க மட்டுமே அழைத்தது நம் குற்றம்.

அதன் பிறகு நாம் பொது அழைப்பை நிறுத்தினோம். புரி கேட் பக்கம் சைக்கிளில் சென்று, தேநீர்க் கடையில் ஒவ்வொருவராகக் கண்டு, “உங்கள் வேலையை எங்களுக்குப் புரியும்படி அரைமணி நேரம் சொல்வீர்களா?” என்று கேட்டோம். ஞாயிறு காலைக் கூட்டத்தையும் மாற்றினோம். இரவெல்லாம் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் காலை பத்து மணிக்கு எப்படி வருவார்? இதை உணர நமக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

முதலில் பேசியவர் உலோகவியல் மாணவி ஒருவர். குளிர்காலத்தில் தண்டவாளம் சுருங்க முயல்கிறது. நெடுகப் பற்றவைத்த தண்டவாளம் சுருங்க வழியின்றி இழுபடுகிறது. சிறு வெடிப்பும் முறிவாகிறது என்றார். நம்மிடையே ஓய்வுபெற்ற கீமேன் ஒருவர் இருந்தார். பனியில் விளக்கேந்தி இருப்புப்பாதையில் நடந்தவர். வெல்டு வைத்த இடங்களை எப்படிப் பார்ப்பார், சுத்தியலால் தட்டும்போது எந்த ஓசைக்கு நிற்பார் என்று அவர் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் குறிப்பெடுத்தார். கூட்டம் முடிய மணி பத்தரை ஆயிற்று. அன்று வந்திருந்தவர் பதினொருவர். சென்ற மாதம் பத்தொன்பதின்மர். இதில் முந்தைய மாணவர் இருவரும் உண்டு. ஆய்வேடு எழுதும் கடைசி ஆண்டின் தொல்லைகளைப் புதியவர்க்கு எடுத்துரைக்க வருகின்றனர்.

அடுத்த கூட்டம் வரும் இரண்டாம் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, நம் இரயில்வே குவார்ட்டர்ஸ் முற்றத்தில் நடைபெறும். பேசுபவர் முதலாண்டு மாணவர். தமிழில் பேசக் கூச்சப்படுகிறார். பெரியோர்கள் வந்து கேள்வி கேட்க வேண்டுகிறோம். நாற்காலிகளை நாமே போட்டு வைப்போம்.