சாம்பாரிலிருந்து வெங்காயத்தை எடுத்தால் போதுமா?



வெளியூர்க் கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றால் முந்தின நாள் இரவே சாப்பாட்டை நிறுத்திவிடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பேருந்தில் ஏறுவதற்கு முன்னால், வழியில் எங்கே நிற்கும், அங்கே கழிப்பறை இருக்குமா என்று விசாரிப்பார்கள். காலையில் மூன்று முறை போய் வந்த பிறகும் வயிறு காலியான நிறைவு வராது. வேறு சிலருக்கு நேர்மாறாக நாலு நாள் போகாது; வயிறு உப்பிப்போய், பிறகு ஒரு நாள் பிடுங்கியெடுக்கும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது என எல்லாம் செய்தாலும் முடிவு சரியாகவே வரும். ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுகிறார்கள். வீட்டிலோ, ‘எல்லாம் நினைப்புதான்’ என்கிறார்கள்.

நினைப்பு இல்லை. அந்த வலி உண்மையான வலி. இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், சுருக்கமாக ஐ.பி.எஸ்., என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். குடலின் சுவரிலேயே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையோடு அவை ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு அந்த நரம்புகளின் உணர்திறன் கூடிவிடுகிறது. மற்றவர்கள் கவனிக்கவே மாட்டாத சிறிதளவு வாயு இவர்களுக்கு வலியாகத் தெரியும். கடுமையான வயிற்றுப்போக்கு வந்து குணமான பிறகு இது தொடங்குவதும் உண்டு. கனடாவில் வாக்கர்டன் என்ற ஊரில் 2000ஆம் ஆண்டு குடிநீரில் கிருமி கலந்து பலர் நோயுற்றார்கள். அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, கிருமி ஒழிந்த பிறகும் நிறையப் பேருக்கு ஐ.பி.எஸ். நீடித்தது தெரிந்தது.

கைவைத்தியத்துக்குப் போகும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, விடாத காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாகத் தொடங்கும் தொல்லை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் போங்கள். நான் சொல்லப்போவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

‘நார்ச்சத்து சாப்பிடுங்கள்’ என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. எந்த நார் என்பதை யாரும் சொல்வதில்லை. நெதர்லாந்தில் 275 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு இசப்கோல், ஒரு பிரிவினருக்குக் கோதுமைத் தவிடு, இன்னொரு பிரிவினருக்கு வெறும் அரிசி மாவு, தினம் பத்து கிராம் வீதம் கொடுத்தார்கள். இசப்கோல் சாப்பிட்டவர்களுக்குத் தொல்லை குறைந்தது. தவிடு சாப்பிட்டவர்களில் பலர், தொல்லை கூடியதால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இசப்கோல் நீரை உறிஞ்சிக் கூழாக மாறும். இறுகிய மலத்தை இளக்கும். தண்ணீராய்ப் போவதைக் கட்டியாக்கும். குஜராத்தில் விளைந்து நம் ஊர் மருந்துக்கடைகளுக்கு வரும் இந்த உமிதான் எளிமையான, செலவு குறைந்த முதல் படி. அரைத் தேக்கரண்டியில் தொடங்குங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் இதைத் தொட வேண்டாம்.

இயற்கையானது என்றாலே தீங்கில்லாதது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மலச்சிக்கலுக்கென்று விற்கும் மூலிகைப் பொடிகள் பலவற்றில் நிலாவாரை இருக்கிறது. அது குடலைத் தூண்டித் தள்ள வைக்கும் சரக்கு. ஏற்கெனவே உணர்திறன் கூடிய குடலை அது முறுக்கி வலிக்க வைக்கலாம். அவ்வப்போது எடுப்பது வேறு. மருத்துவரைக் கேட்காமல் தினமும் இரவு எடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இனி அடுப்படிக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் ஓர் உணவுமுறையை உருவாக்கினார்கள். சில வகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. அப்படிப்பட்ட உணவுகளைச் சில வாரங்கள் குறைத்துப் பார்ப்பதுதான் அந்த முறை. ஃபாட்மேப் குறைந்த உணவு என்பார்கள்.

நம் சமையலில் இதில் முதலில் மாட்டுவது சின்ன வெங்காயமும் பூண்டும். இவற்றிலுள்ள ஃபிரக்டான் என்ற சர்க்கரை தண்ணீரில் கரையும். அதனால் சாம்பாரிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கி ஓரம் வைப்பதில் பயனில்லை. கரைய வேண்டியது குழம்பில் கரைந்துவிட்டது. ஆனால் அது எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி, மணம் ஏறியதும் பூண்டை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் ருசி கிடைக்கும், தொல்லை இருக்காது. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் ஒத்துக்கொள்ளும். கொண்டைக்கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயு உண்டாக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு வெளியே போய்விடும். பால் பலருக்கு ஆகாது. நம் பகுதியில் பெரியவர்கள் பலருக்குப் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைவு. மாம்பழம், தர்பூசணி, ஆப்பிள், முந்திரி, காலிஃபிளவர் ஆகியவையும் சந்தேகப் பட்டியலில் உள்ளவை. சோற்றுக்குப் பயமில்லை, அரிசி சிறுகுடலிலேயே நன்றாகச் செரித்துவிடும். கேரட், கத்தரிக்காய், வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு, ஆரஞ்சு, பப்பாளி இருக்கின்றன. காரத்தையும் காபியையும் குறைத்துப் பாருங்கள். தேநீரும் காபியும் சேர்த்து நாளுக்கு மூன்று கோப்பைக்குமேல் வேண்டாம் என்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி.

புதினாவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பெப்பர்மின்ட் எண்ணெயிலுள்ள மென்தால் குடல் தசையைத் தளரவைப்பது உண்மைதான். ஆனால் நாம் துவையல் அரைக்கும் புதினா வேறு செடி; அதில் மென்தால் மிகக் குறைவு. ஆய்வுகளில் பலன் தந்தது, குடலுக்குப் போனபின் கரையும்படி உறையிட்ட மாத்திரை. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது ஆகாமல் போகலாம்.

வயிற்றை மனம் ஆட்டிவைக்கிறது என்றால் மனத்தின் வழியாகவும் வயிற்றை அடையலாமே? மான்செஸ்டர் மருத்துவர் பீட்டர் வொர்வெல் 1984இல், வேறு எதற்கும் மசியாத நோயாளிகளுக்கு ஹிப்னாடிச சிகிச்சை கொடுத்து, நல்ல முன்னேற்றம் கண்டார். நம் ஊரில் அந்தப் பயிற்சி பெற்றவர்கள் எளிதில் கிடைக்கமாட்டார்கள். வயிறு எழும்பித் தாழும்படி மெல்ல மூச்சுவிடுவதை யாரும் பழகலாம். ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வில், வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள் உடற்பயிற்சி செய்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரங்களில் தொல்லை குறைந்தது. வேகமாக நடந்தாலும் போதும்.

கடைசியாக, என்னை மிகவும் வருத்தும் ஒரு விஷயம். உணவைக் குறைக்கத் தொடங்கியவர்கள் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வெங்காயம் வேண்டாம், பருப்பு வேண்டாம், பால் வேண்டாம், பழம் வேண்டாம் என்று மாதக்கணக்கில் ரசஞ்சோறு மட்டும் தின்று மெலிந்துபோகிறார்கள். விலக்கும் காலம் ஆறு வாரத்தைத் தாண்டக் கூடாது. கர்ப்பிணிகளும், சர்க்கரை நோயாளிகளும், ஏற்கெனவே எடை குறைந்தவர்களும் உணவியல் வல்லுநரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். ஆறு வாரம் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். முதல் நாள் ஒரு சின்ன வெங்காயம், அடுத்த நாள் இரண்டு, மூன்றாம் நாள் நாலு. வயிறு எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு நாள் இடைவெளி விட்டு, அடுத்து ஒரு டம்ளர் பாலில் பரிசோதனையைத் தொடங்குங்கள். இரண்டு வெங்காயம்வரை ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்தால் அந்த இரண்டையும் பயப்படாமல் சாப்பிடுங்கள்.