பாடசாலை மூடினாலும் பாடம் நிற்கக்கூடாது



நாட்டுக்கு இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதோ 1970களில்தான். பிந்திக் கிடைத்த அந்த உரிமை, 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது மறுபடியும் நழுவப் பார்த்தது.

பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. லயத்தில் பல வீடுகளுக்கு ஒரே ஒரு போன். அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையேறினார்கள். ரீலோட் போடக் காசில்லாத வீட்டில் அதுவுமில்லை. அச்சிட்ட பயிற்சித்தாளை லயத்துக்கே கொண்டுவந்து கொடுத்த ஆசிரியர்களை நன்றியோடு நினைக்கிறேன். பலரைப் பாடசாலையோடு கட்டி வைத்தது அந்தத் தாள்தான்.

16 வயதுவரை கல்வி கட்டாயம் என்கிறது சட்டம். ஆனால் வருமானம் குறைந்தால் கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போவது பெரும்பாலும் பெண்பிள்ளைதான். பாடசாலை திறந்த அன்று வராத பிள்ளையை யார் தேடிப்போவது?

நாம் போகலாம், சகோதரிகளே. டிவிஷனுக்கு ஒரு பழைய மாணவியின் பெயரை இன்றே எழுதிவைப்போம். அடுத்த நோய் வந்து கேட் மூடும்போது தாளைக் கொண்டுபோகவும், திறக்கும்போது வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டவும் அவர் இருப்பார். நூற்றாண்டுக்கு நாம் செய்யக்கூடிய நல்ல காரியம் இதுதான்.