சீலையும் சப்பாத்தும்

(திருகோணமலையில் வெளிக்கள ஊழியர் கூட்டமொன்றில் பேசியது)



1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வந்த நம்ம சனங்கள் இந்த மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வீடுகளைப் பார்க்க வந்த முதல் வருஷம் நாங்கள் பட்ட வெட்கத்தைச் சொல்லத்தான் வேணும்.

அன்றைக்குக் காலையில் கச்சேரியில் கூட்டம். பெரியவங்க இருப்பாங்க என்று மினுமினுக்கிற நைலக்ஸ் சீலை, குதி உயர்ந்த செருப்பு. பின்னேரம் கந்தளாய் வீதியால் உள்ளுக்கு இறங்கி ஒரு கிராமத்துக்குப் போனோம். கச்சான் காற்று நெருப்பாய் அடிக்குது, சீலை உடம்போடு ஒட்டுது. பிள்ளை பெற்று மூணு மாசமான ஒரு தாயின் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். தண்ணி முழங்கால்கூட இல்லை. ஆனாலும் எங்களால் இறங்க முடியல்லை. இந்தக் கரையில் நின்று, “சாப்பாடெல்லாம் சரியா தங்கச்சி?” என்று சத்தம் போட்டுக் கேட்டோம். “சரிங்கக்கா” என்றா. புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்துட்டோம்.

அடுத்த கிழமை பருத்திச் சல்வாரும் சப்பாத்துமாய்த் திண்ணை வரைக்கும் போனோம். அப்பதான் வாய் திறந்தா. புருசன் நாலு மாசமாய்க் காசு அனுப்பல்லையாம். அதைக் கரைக்குக் கரை கத்திச் சொல்ல ஏலுமா?

“கூட்டத்துக்குச் சீலைதானே மரியாதை” என்று சிலர் கேட்கிறீங்க. 2019 மே மாதம் பெண் அரச ஊழியர்கள் சீலை அல்லது கண்டிச் சீலைதான் உடுக்க வேணும் என்று சுற்றறிக்கை வந்து, எதிர்ப்பு எழும்ப அதை மாற்றினார்கள். 2022இல் நெருக்கடி நேரம் பொருத்தமான இலகு உடுப்போடு வரலாம் என்று இன்னொன்று வந்தது. விதியே மாறி மாறி வந்திருக்கு. துவைத்து மடித்த பருத்தி உடுப்பைப் பார்த்து எங்களை இதுவரைக்கும் யாரும் வெளியில் நிற்கச் சொல்லல்லை.

நம்ம தாய்மாருக்கு இது புதுசும் இல்லை. கொழுந்து எடுக்கப் போறவங்க இடுப்பில் படங்கு கட்டுறது அழகுக்கா? ஈரமும் மிலாறும் படாமல் இருக்கத்தானே. டவுனுக்குப் போகும்போது அதை அவிழ்த்து வைச்சிட்டு நல்ல சீலை உடுப்பாங்க. அந்தப் புத்தி உத்தியோகம் கிடைத்ததும் எங்களுக்கு மறந்துபோச்சு.

மலையில் அட்டைக்குச் சவுக்காரம் பூசினால் போதும். இங்கே வயல் பக்கம் கண்ணாடி விரியன் இருக்கு. பாம்புக்கடி அநேகமாய்ப் பாதத்திலும் காலிலும்தான் படும். அதனால் கணுக்காலை மூடின சப்பாத்து கட்டாயம். ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றோம், பாட்டாவோடு வரப்பில் நடக்காதீங்க. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் மழை, அப்போ இன்னொரு சோடி மேசும் வேணும்.

சீலைதான் உடுப்போம் என்கிறவங்க பருத்திச் சீலையை ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்க. சப்பாத்தைப் பையில் போட்டு வந்து பஸ்ஸில் மாற்றலாம். நாங்கள் கச்சேரி வாசலிலேயே குந்தி மாற்றுறோம். முதலில் சிரித்த காவலாளி இப்போ கதிரை எடுத்துப் போடுறார்.