கிருமிக்கு ஊருமில்லை, ஜாதியுமில்லை

1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் சென்னையில் சேகரித்த இரத்தத்தில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் தென்பட்டது. "புண்ணிய தேசத்தில் இது வராது" என்றவர்கள், பிறகு துறைமுகத்தின் மீதும் லாரிக்காரர் மீதும் பழிபோட்டார்கள். நாம் கேட்கிறோம்: இன்று விகிதம் மிக அதிகமாயுள்ள மிசோரத்தில் துறைமுகம் ஏது? பலர் பகிரும் ஊசியும் பாதுகாப்பற்ற சேர்க்கையுமே அங்கு காரணம். கிருமி வழியைத்தான் பார்க்கிறது, ஊரையல்ல.

புருஷனிடமிருந்து நோய் பெற்றவளை "ராசியில்லாதவள்" என்று துரத்துவது என்ன யோக்கியதை? 2004 முதல் சர்க்கார் மருந்து இலவசம். ஒழுங்காய் உண்பவர் நெடுநாள் வாழ்கிறார். ஆதலால் இராயபுரம், எண்ணூர், திருவொற்றியூர்த் தோழர்களே, தாயத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குச் சென்று இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்!