தாவர நிறங்களும் உடல்நலமும்

(மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலையிலும் பூவிலும் கிழங்கிலும் உள்ள நிறத்தைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தார்கள். நிறத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். கரம்பொன்னிற் பிறந்தார்க்கு இஃது அந்நியமான பொருளன்று. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலும் மன்னார்க் கரையிலும் மணற்பாங்கான நிலத்திலே சாயவேர் என்னும் சிறு பூண்டு தானாகவே முளைப்பது. அதன் வேரிலிருந்து துணிக்குச் செஞ்சாயம் எடுத்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அவ்வேர் அரசாங்கத்தின் தனியுரிமைப் பொருளாக இருந்தது. 1868ஆம் ஆண்டு ஜெர்மனியில் கிறேபே, லீபர்மான் என்னும் இரு இரசாயனிகள் அதே செம்பொருளாகிய அலிசாரினைச் செயற்கையாக ஆக்கினர். அதன்பின் வேர்ச்சாயத்தின் வாணிகம் நலிந்தது. சித்த வைத்தியர் அப்பூண்டை இம்பூறல் என்பர்; இருமலுக்கும் இரத்தவாந்திக்கும் அதனைக் கூறுவர். ஆகவே சாயமும் மருந்தும் ஒரே செடியில் இருக்கும் என்பதை எம் முன்னோர் அறிந்தேயிருந்தனர்.

அப்படியாயின் இன்று புதிதாகச் சொல்ல வேண்டியது யாது? ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றோம். எமக்கு நன்கு தெரிந்த முதியவர் ஒருவர், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய மஞ்சட் குளிகையை நம்பி, நீரிழிவுக்கு உண்டுவந்த மருந்தை நிறுத்திவிட்டார். காலில் முள் குத்திய புண் ஆறவில்லை. முடிவில் ஒரு விரலை இழந்தார். மஞ்சள் நல்ல பொருள்தான். மகனும் அன்பினாலேயே அனுப்பினான். எங்கே பிழை நேர்ந்தது என்பதைத்தான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் அழற்சி என்பதை நோக்குவோம். முள் குத்திய இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, நோகிறது. இந்த நான்கு குறிகளையும் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே உரோம ஆசிரியர் செல்சஸ் எழுதிவைத்தார். அது உடல் தன்னைக் காக்கும் போர். கிருமி அழிந்ததும் போர் ஓய வேண்டும். ஓயாது உள்ளே புகைந்துகொண்டிருந்தால், நீரிழிவு, இருதய நோய், மூட்டுவாதம் ஆகியவற்றோடு அது தொடர்புடையதாகிறது.

அடுத்தது ஒட்சியேற்றம். உப்புக் காற்றிலே இரும்பு துருப்பிடிப்பதைத் தீவிலுள்ளவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. வெட்டிய வாழைக்காய் கறுப்பதும், பழைய எண்ணெய் சிக்கடிப்பதும் ஒட்சிசனின் வேலையே. நம் உடலிலும், உணவு எரிந்து சக்தியாகும்போது, சில அடங்காத ஒட்சிசன் பொருட்கள் தோன்றுகின்றன. அவை அளவுக்கு மீறினால் உயிரணுக்களைச் சேதப்படுத்தும். ஆயினும் அவை முழுவதும் பகையல்ல. வெண்குருதியணுக்கள் கிருமியைக் கொல்லும் ஆயுதமும் அவையே. இதனை நினைவில் வையுங்கள், பின்னர் தேவைப்படும்.

இனி, செடி ஏன் நிறம் பூணுகிறது? வெயிலில் நடந்தால் நாம் நிழல் தேடுவோம். முருங்கை எங்கே போகும்? பச்சையம் வெயிலை வாங்கிச் சீனியாக்கும்போது, மிஞ்சிய ஒளி இலையையே சுடவல்லது. அந்தச் சூட்டைத் தணிப்பவை கரோட்டினாய்டுகள் என்னும் மஞ்சள், செம்மஞ்சள் நிறப்பொருட்கள். பச்சை மிகுதியால் அவை இலையிற் கண்ணுக்குப் புலப்படா. இலை பழுத்ததும் வெளிப்படும். நாவற்பழத்தின் ஊதாவும் கத்தரிக்காய்த் தோலின் கருநீலமும் அந்தோசயனின் என்னும் வேறோர் இனம். எனவே, தன்னைக் காக்கச் செடி செய்த பொருளையே நாம் உணவாகக் கொள்கின்றோம்.

எமது உணவைப் பாருங்கள். முருங்கையிலை வறையில் பீற்றா கரோட்டினும் லூட்டினும் உள்ளன. முன்னையது உடலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறி மாலைக்கண் வராது காப்பது. பின்னையது கண்ணின் விழித்திரை நடுவிற் சென்று படிவது. இவை கொழுப்பிலே கரைபவை. சிறிது எண்ணெய்ப் பசை இல்லாவிடில் உடலிற் சேரா. வறைக்குத் தேங்காய்ப்பூப் போட்ட எம் பாட்டிமாரின் கைப்பக்குவத்தின் பொருள் இப்போது விளங்கும். பனம்பழக் களியின் செம்மஞ்சளும் கரோட்டினாய்டே. ஆகவே பனாட்டை ஏழையின் உணவு என்று ஒதுக்குவது அறிவீனம். மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசியின் நிறம் தவிட்டிலே இருக்கிறது. வெள்ளையாகத் தீட்டினால் நிறம் போகும். அதனோடு நாரும் உயிர்ச்சத்தும் போகும்.

மஞ்சளின் கதை நீண்டது. 1815இல் பிரான்சில் வோகல், பெல்லத்தியே என்போர் அதன் நிறப்பொருளைப் பிரித்துக் குர்குமின் எனப் பெயரிட்டனர். மஞ்சள் நீரிற் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் அது இரத்தச் சிவப்பாவதை ஆலாத்தி எடுக்கும் தாய்மார் அறிவர். குர்குமின் காரத்தில் நிறம் மாறுவதே காரணம். 1973இல் இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் சிறிமால், தவான் என்னும் இருவர், அது விலங்குகளில் அழற்சியைத் தணிப்பதைக் காட்டினர். 1995இல் புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுக்கப்பட்டது. எம் வீட்டு வைத்தியம் இன்னொருவர் சொத்தா என்று இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைச் சான்றாக வைத்து வழக்காடியது. 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. இதில் நாம் பெருமை கொள்வது நியாயம்.

ஆனால், பெருமை வேறு, உண்மை வேறு. மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பங்கே. உண்டதிலும் மிகச் சொற்பமே இரத்தத்திற் சேரும். 1998இல் பெங்களூரில் நடந்த ஒரு சோதனையில், 2 கிராம் குர்குமினுடன் மிளகின் சத்தாகிய பிப்பெரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது இரத்தத்திற் சேர்வது 20 மடங்கு கூடியது. உடனே குளிகை வியாபாரிகள் இரண்டையும் சேர்த்தனர். 2019இல் இத்தாலியில், மஞ்சட் குளிகை உண்டோர் சிலருக்கு ஈரல் அழற்சி கண்டதாக அறிவிக்கப்பட்டது. கறியில் இட்ட மஞ்சளால் வந்ததன்று அது. செறிவாக்கிய குளிகையோடு வந்தது.

இன்னொரு பாடம் பின்லாந்திலிருந்து கிடைத்தது. புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு அங்கே ஒரு பெருஞ் சோதனை நடந்தது. பீற்றா கரோட்டின் குளிகை சுவாசப்பைப் புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்தனர். 1994இல் வெளிவந்த முடிவு நேர்மாறானது: குளிகை உண்டவருள் அந்நோய் 18 வீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த அத்தகைய சோதனையிலும் 28 வீதம் கூடியமையால் 1996இல் அதனை இடைநிறுத்தினர். காய்கறி மிகுதியாக உண்போர்க்கு அந்நோய் குறைவு என்பது முன்னரே கண்டதுதான். ஆனால், இலையிற் பல பொருட்களோடு கூடியிருந்த ஒன்றைத் தனியே பிரித்து, பெருமளவில் ஊட்டியபோது குணம் மாறியது. உடலின் தீ முழுவதும் பகையல்ல என்று முன்னர்க் கூறியதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

வேறோர் ஆபத்தும் உண்டு. 2020இல் இலங்கையில் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டபோது விலை பன்மடங்கு ஏறியது. கள்ளமாகக் கடல் வழியே மூடைகள் வந்தன. விலை ஏறுமிடத்திற் கலப்படம் வரும். வங்காளதேசத்தில் மஞ்சளுக்கு நிறமூட்ட ஈயக் குரோமேற்று என்னும் நஞ்சு சேர்க்கப்பட்டதை 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கண்ணைப் பறிக்கும் நிறம் நல்ல மஞ்சளுக்கு அடையாளமன்று. கிணற்றடி வாய்க்காலோரத்தில் நாலு மஞ்சட் கிழங்கை நட்டு, அவித்துக் காயவைத்து இடித்துக்கொள்வதே பாதுகாப்பு.

இளைஞர்களே, உங்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. வளவிலே இரண்டு முருங்கை வையுங்கள். பொன்னாங்காணிக்கும் வல்லாரைக்கும் ஒரு பாத்தி ஒதுக்குங்கள். தட்டிலே பச்சை, மஞ்சள், சிவப்பு, ஊதா எனப் பல நிறம் இருக்கட்டும். புகையை விடுங்கள், அதைப் பிடித்துக்கொண்டு எந்தக் குளிகை விழுங்கியும் பயனில்லை.

பெரியோர்களே, பிள்ளைகள் குளிகை அனுப்பினால் அன்போடு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதனை வைத்தியருக்குக் காட்டாமல் உண்ணாதீர்கள்; அவர் தந்த மருந்தை அதற்காக நிறுத்தாதீர்கள். கீரை உணவு, மருந்து மருந்து. அந்த முதியவர் இப்போது இரண்டையும் அவற்றின் இடத்திலே வைத்திருக்கிறார். அவர் இழந்த விரல் மீளாது. மற்றவர்க்கு அது நேராதிருக்கட்டும் என்றே, அவர் அனுமதியுடன் இதனை இச்சபையிற் கூறினோம்.